கோடீஸ்வர வரிக்கு மக்கள் எப்போது சரி சொல்கிறார்கள்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நெடுங்காலமாகத் தனிநபர் வருமான வரி இல்லாமல் இருந்தது. மைக்ரோசாஃப்டும் அமேசானும் தலைமையகம் வைத்திருக்கும் மாநிலம் அது. ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கும் தனிநபருக்கும் 4 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கும் தம்பதிக்கும் மட்டும் ஒரு வருமான வரி போடலாமா என்று 2010 நவம்பரில் அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஆதரவுப் பிரச்சாரத்தின் முகமாக நின்றவர் பில் கேட்ஸின் தந்தை. 64 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள்.

2024 நவம்பரில் அதே மக்கள் முன் வேறொரு கேள்வி வந்தது. பங்கு போன்றவற்றை விற்று ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் லாபம் பார்ப்பவர்களுக்கு 7 சதவீத வரி விதித்து மாநில சட்டமன்றம் 2021-ல் ஒரு சட்டம் போட்டிருந்தது. அதை ஒழித்துவிடலாமா என்பதுதான் கேள்வி. இந்த முறையும் 64 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். அதாவது, பணக்காரர்கள் மீதான வரி இருக்கட்டும் என்றார்கள்.

பதினான்கு வருடத்தில் மக்களின் மனது தலைகீழாக மாறிவிட்டதா? அப்படித் தெரியவில்லை. அதிக வருமானம் உள்ளவர்கள் சரியான அளவு வரி கட்டுகிறார்களா என்று கேலப் நிறுவனம் 1992-லிருந்து அமெரிக்கர்களைக் கேட்டுவருகிறது. குறைவாகத்தான் கட்டுகிறார்கள் என்று சொல்பவர்கள் பெரும்பாலான ஆண்டுகளில் பத்துக்கு ஆறு பேர். ஆட்சிகள் மாறின, 2008-ல் பொருளாதாரம் சரிந்து எழுந்தது, பெருந்தொற்று வந்துபோனது. அந்த எண் பெரிதாக அசையவில்லை. அமெரிக்கா மட்டுமல்ல. ஜி20 நாடுகளில் 17-ல் இப்ஸோஸ் நிறுவனம் நடத்தி 2024-ல் வெளியிட்ட கணிப்பில், செல்வந்தர்கள் மீது செல்வ வரி, அதாவது வைத்திருக்கும் சொத்தின் மீதான வரி, போடுவதை 68 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். இந்தியாவில் 74 சதவீதம்.

ஆக ஆதரவு உண்டு, எப்போதும் உண்டு. ஆனால் வாக்குப்பெட்டி வரை போகும்போது அது சில இடங்களில் நிலைக்கிறது, சில இடங்களில் கரைந்துவிடுகிறது. பணக்காரர்களின் விளம்பரப் பணம்தான் காரணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பணம் குறைவாக இறங்கிய இடத்திலும் வரி தோற்றிருக்கிறது, கொட்டிய இடத்திலும் ஜெயித்திருக்கிறது. என் கணிப்பில் காரணம் வேறு. கருத்துக்கணிப்பில் மக்கள் பணக்காரரைப் பற்றிப் பதில் சொல்கிறார்கள். வாக்குச்சாவடியில் தங்களைப் பற்றிப் பதில் சொல்கிறார்கள். இந்த வரி நாளைக்கு என் வீட்டுக்கும் வருமா, வசூலாகும் பணம் எங்கே போகும் என்ற இரண்டு சந்தேகங்கள் தீர்ந்தால்தான் ஆதரவு வாக்காகிறது.

இதற்கு மாசசூசெட்ஸைவிட நல்ல பாடம் இல்லை. எல்லோருக்கும் ஒரே விகிதத்தில்தான் வருமான வரி என்று அந்த மாநிலத்தின் அரசியல் சாசனத்தில் 1915-ல் எழுதிவைத்துவிட்டார்கள். துப்புரவுத் தொழிலாளிக்கும் நிதி நிறுவன முதலாளிக்கும் ஒரே சதவீதம். இதை மாற்றி, வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் படிநிலை வரியைக் கொண்டுவர 1962, 1968, 1972, 1976, 1994 என ஐந்து முறை பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஐந்து முறையும் தோல்வி. கென்னடி குடும்பத்தின் மண், தாராளவாதிகளின் கோட்டை என்று பேரெடுத்த மாநிலம் இது. படிநிலை வரி வந்தால் பெரும்பாலானவர்களுக்கு வரி உயராது, சிலருக்குக் குறையவும் செய்யும் என்று ஆதரவாளர்கள் அட்டவணை போட்டுக் காட்டினார்கள். எடுபடவில்லை. அட்டவணையைப் போடும் கை நாளைக்கு அதைத் திருத்தவும் செய்யும் என்பது வாக்காளருக்குத் தெரியாதா?

ஆறாவது முறை அவர்கள் வேறு வழியில் போனார்கள். ஆசிரியர் சங்கங்கள், மற்ற தொழிற்சங்கங்கள், தேவாலய அமைப்புகள் எல்லாம் சேர்ந்த கூட்டணி அது. படிநிலை வரி என்ற பேச்சையே விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு கோடு: ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலர். அதற்கு மேல் வரும் தொகைக்கு மட்டும், ஏற்கெனவே இருந்த 5 சதவீதத்தோடு இன்னொரு 4 சதவீதம். விலைவாசி ஏற ஏற அந்தக் கோடும் மேலே போகும். அந்தப் பணத்தைக் கல்விக்கும், சாலை, பாலம், பொதுப் போக்குவரத்துக்கும் செலவிட வேண்டும். இவை அத்தனையும் சாதாரணச் சட்டத்தில் இல்லை, அரசியல் சாசனத் திருத்தத்தின் வாசகத்திலேயே இருந்தன. ஆகவே கோட்டைக் கீழே இறக்க வேண்டுமானால் இன்னொரு பொதுவாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். முதல் சந்தேகத்துக்கு இதைவிட உறுதியான பதில் இருக்க முடியாது.

அதுவும் சுலபமாக நடக்கவில்லை. மக்கள் கையெழுத்து வாங்கி 2018-லேயே வாக்கெடுப்புக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். வரி, கல்விச் செலவு, போக்குவரத்துச் செலவு என்று தொடர்பில்லாத விஷயங்களை ஒரே கேள்வியில் கட்டக்கூடாது என்று சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. சட்டமன்றமே முன்மொழிந்தால் அந்தத் தடை இல்லை. ஆனால் அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019-ல் ஒரு முறை, 2021-ல் ஒரு முறை ஒப்புதல் வாங்கி, 2022 நவம்பர் 8 அன்று வாக்குச்சீட்டில் ஏறியது.

எதிர்ப்பாளர்கள் பெரும் பணக்காரர்களுக்காக அழவில்லை. அழுதால் வாக்கு விழாது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் காட்டியது ஓய்வுபெறப்போகும் சாதாரணக் குடும்பங்களை. முப்பது வருடம் முன்பு வாங்கிய வீட்டை விற்றால், கடையை விற்றால், அந்த ஒரு வருடம் மட்டும் நீங்களும் மில்லியனர் ஆகிவிடுவீர்கள், வரி உங்கள் தலையில் விழும் என்றார்கள். பாஸ்டன் பக்கம் வீட்டு விலை தெரிந்தவர்களை இது உலுக்கத்தான் செய்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தம்பதி 4 லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டை 12 லட்சத்துக்கு விற்கிறார்கள். லாபம் 8 லட்சம். தாங்கள் குடியிருந்த வீட்டை விற்கும் தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை லாபத்துக்கு வரி கிடையாது. மிச்சம் 3 லட்சம். அந்த வருடச் சம்பளம் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டாலும் நான்கரை லட்சம்தான். கோட்டுக்குப் பாதி தூரம்கூட வரவில்லை. சரி, லாபம் இன்னும் பெரியதாக இருந்து மொத்தம் பத்தரை லட்சத்தைத் தொட்டுவிட்டது என்றே கொள்வோம். கூடுதல் வரி மேலே இருக்கும் 50,000 டாலருக்கு மட்டும்தான். 2,000 டாலர். ஆதரவுப் பிரச்சாரக்காரர்கள் வீடுவீடாகப் போய்ச் செய்தது இப்படிப்பட்ட கணக்குதான். வாழ்நாள் முழுக்க நடத்திய தொழிலை மொத்தமாக விற்பவர் விஷயம் வேறு. அவருக்கு இந்த வரி நிஜமாகவே விழும். எதிர்ப்பாளர்கள் சொன்னதில் அந்தப் பகுதி பொய்யில்லை.

முடிவு 52-க்கு 48. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அறுபது வருடத்தில் ஐந்து முறை மூடிய கதவு திறந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். முதல் முழு நிதியாண்டுக்கு 100 கோடி டாலர் வரும் என்று பட்ஜெட்டில் வைத்தார்கள். வந்தது 240 கோடிக்கும் மேல். பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும், ஏழை பணக்காரர் என்று பிரிக்காமல், இலவச உணவு வந்தது. காமராஜர் காலத்திலிருந்து மதிய உணவு பார்த்த நமக்கு அது பெரிய செய்தியில்லை. அமெரிக்காவில் பெரிய செய்தி. சமுதாயக் கல்லூரிகளில் கட்டணம் போயிற்று, சிறு நகரங்களின் பேருந்துகளில் டிக்கெட் போயிற்று. வரியைக் கட்டாதவருக்கு வரியின் பலன் கண்ணில் படுகிறது.

இதே காலத்தில் இல்லினாய்ஸில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் ஒரே விகித வரிதான், 4.95 சதவீதம். 2020-ல் ஆளுநர் பிரிட்ஸ்கர் அதை மாற்றப் பார்த்தார். இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு மட்டுமே வரி கூடும், 97 சதவீதம் பேருக்கு உயராது என்றார். ஹயாட் ஹோட்டல் குடும்பத்துப் பெருங்கோடீஸ்வரரான அவர் தன் பணத்திலிருந்தே 5 கோடி டாலருக்கு மேல் இதற்காகச் செலவு செய்தார். எதிர்த்தரப்பில் சிட்டாடல் முதலீட்டு நிறுவனத்தின் கென் கிரிஃபின் ஏறக்குறைய அதே அளவு இறக்கினார். இரண்டு பக்கமும் சமமாகப் பணம். தோற்றது வரிதான். 53 சதவீதம் பேர் எதிர்த்தார்கள்.

காரணம் திருத்தத்தின் வாசகத்திலேயே இருந்தது. விகிதங்களை மாசசூசெட்ஸ் போல சாசனத்தில் எழுதவில்லை. படிநிலை வரி போடும் அதிகாரத்தை மட்டும் சட்டமன்றத்துக்குத் தந்தது, விகிதங்கள் தனிச் சட்டத்தில். இன்று இரண்டரை லட்சத்தில் இருக்கும் கோடு நாளை எங்கே போகும், ஓய்வூதியத்துக்கும் வரி வருமா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். கடனில் மூழ்கிய மாநிலம், முன்னாள் ஆளுநர்கள் பலர் ஊழல் வழக்கில் சிறைக்குப் போன மாநிலம். அங்கே சட்டமன்றத்தை நம்பு என்று கேட்டால் யார் நம்புவார்கள்? நான்கு வருடம் கழித்து, 2024-ல், அதே இல்லினாய்ஸ் மக்களிடம் வேறு விதமாகக் கேட்டார்கள்: 10 லட்சம் டாலருக்கு மேல் உள்ள வருமானத்துக்கு 3 சதவீதம் கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தில் உங்கள் வீட்டு வரியைக் குறைக்கலாமா? 60 சதவீதம் பேர் சரி என்றார்கள். அது வெறும் ஆலோசனை வாக்குதான், சட்டமாகவில்லை. ஆனாலும் மக்கள் எதற்குப் பயந்தார்கள், எதற்குப் பயப்படவில்லை என்பது அதில் தெரிந்துவிட்டது.

இரண்டாவது சந்தேகத்துக்குக் கலிஃபோர்னியா சாட்சி. 2012-லும் 2016-லும் பள்ளிகளுக்காகப் பணக்காரர்கள் மீதான வரியை அங்கே மக்கள் தெளிவாக ஆதரித்தார்கள். 2022-ல் 20 லட்சம் டாலருக்கு மேல் உள்ள வருமானத்துக்கு இன்னொரு வரி வந்தது. பணம் மின்சார வாகனங்களுக்கும் காட்டுத்தீ தடுப்புக்கும். பிரச்சாரத்துக்குப் பெரும்பணம் கொடுத்தது லிஃப்ட் வாடகைக் கார் நிறுவனம். அதன் கார்கள் மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்று மாநில விதி ஏற்கெனவே இருந்தது. ஜனநாயகக் கட்சி ஆளுநர் நியூசமே தொலைக்காட்சியில் வந்து, இது ஒரு நிறுவனத்தின் சொந்த லாபத்துக்கான வேலை என்றார். ஏறக்குறைய 58 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். வரி கட்ட வேண்டியவர் மிகப் பெரிய பணக்காரராக இருந்தால் மட்டும் போதாது என்பதை அந்த முடிவு காட்டியது.

சுவிட்சர்லாந்தில் 2025 நவம்பர் 30 அன்று நடந்தது இன்னும் கடுமை. 5 கோடி ஃபிராங்குக்கு மேல் உள்ள வாரிசுச் சொத்துக்கு 50 சதவீத வரி, பணம் பருவநிலை நடவடிக்கைக்கு என்று இளம் சோஷலிஸ்டுகள் கேட்டார்கள். 78 சதவீதம் எதிர்ப்பு. சுவிஸ் மக்கள் செல்வ வரிக்கே விரோதிகள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. அந்நாட்டின் எல்லா மாகாணங்களிலும் ஆண்டுதோறும் செல்வ வரி உண்டு, பல தலைமுறைகளாக உண்டு. விகிதம் சிறியது, பணம் உள்ளூருக்கே போகிறது. பாதிச் சொத்தை ஒரே வீச்சில் எடு என்றபோது, குடும்ப நிறுவனங்கள் உடையும், ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், இருக்கிற வரியும் போகும் என்ற பயம் ஜெயித்தது.

ஊரைவிட்டுப் போய்விடுவார்கள் என்ற வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக்கூடாது. கிறிஸ்டோபல் யங் என்ற சமூகவியலாளரும் அவர் சகாக்களும் அமெரிக்க வரிக் கணக்குகளைத் துருவி 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மில்லியன் டாலர் வருமானக்காரர்களில் ஆண்டுக்கு 2.4 சதவீதம் பேர்தான் மாநிலம் மாறுகிறார்கள். பொது மக்களில் மாறுபவர்கள் 2.9 சதவீதம். தொழில், வாடிக்கையாளர், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஒரே ஊரில் வேரூன்றியிருக்க, பணக்காரர்தான் சுலபத்தில் நகர மாட்டார். ஆனால் உச்சாணியில் இருப்பவர்கள் கதை வேறு. ஜெஃப் பெசோஸ் 2023 நவம்பரில் வாஷிங்டனிலிருந்து ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்வதாக அறிவித்தார். பெற்றோருக்குப் பக்கத்தில் இருக்க என்றார். அடுத்த சில மாதங்களில் 800 கோடி டாலருக்கு மேல் அமேசான் பங்குகளை விற்றார். வாஷிங்டனில் இருந்திருந்தால் 7 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். நார்வே 2022-ல் செல்வ வரியை உயர்த்தியபோது அந்நாட்டுப் பெரும் பணக்காரர் சிலர் சுவிட்சர்லாந்துக்குப் போனார்கள். ஆகவே ஒரு மாநிலம், ஒரு நாடு மட்டும் செய்தால் ஓட்டை இருக்கத்தான் செய்யும். 2024-ல் பிரேசில் தலைமையில் ஜி20 நாடுகள் இதைக் கையிலெடுத்ததும், உலகின் மூவாயிரம் பெருங்கோடீஸ்வரர்களுக்குக் குறைந்தபட்சம் 2 சதவீத வரி என்று பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் கேப்ரியல் சுக்மன் முன்வைத்ததும் அதனால்தான். அதே யோசனையின் பிரெஞ்சு வடிவத்தை 86 சதவீத மக்கள் ஆதரிப்பதாக 2025 செப்டம்பரில் இஃபோப் கணிப்பு சொன்னது. அக்டோபரில் பிரெஞ்சுக் கீழவை அதை நிராகரித்தது.

இந்தியாவுக்கு இந்த விவாதம் புதிதல்ல. 1953-ல் வாரிசுச் சொத்துக்கு எஸ்டேட் டூட்டி வந்தது. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டரின் யோசனையை எடுத்து, 1957-ல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி செல்வ வரியைக் கொண்டுவந்தார். 1970-களின் தொடக்கத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம் வரை போனது. யாரும் அதை ஒழுங்காகக் கட்டவில்லை, கறுப்புப் பணம்தான் பெருகியது. 1985-ல் வி.பி.சிங் எஸ்டேட் டூட்டியை ஒழித்தார், 2015 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி செல்வ வரியை ஒழித்தார். 2013-14-ல் நாடு முழுக்க வசூலான செல்வ வரி 1,008 கோடி ரூபாய்தான் என்று ஜேட்லி சொன்னார்.

அந்தத் தொகை ஏன் அவ்வளவு சிறியது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வரிச் சீர்திருத்தத்துக்கான ராஜா செல்லையா குழுவின் பரிந்துரைப்படி 1993-லிருந்து பங்குகளுக்கும் மற்ற நிதிச் சொத்துகளுக்கும் செல்வ வரி இல்லை. நகை, கார், இரண்டாவது வீடு, நகர்ப்புறக் காலி மனை, 50,000 ரூபாய்க்கு மேல் கையிருப்பு ரொக்கம் என்பவைதான் கணக்கில் வந்தன. கடைசி ஆண்டுகளில் வரம்பு 30 லட்சம் ரூபாய். ஆயிரம் கோடிக்குப் பங்கு வைத்திருப்பவர் அதற்காக ஒரு பைசா கட்டவில்லை. லாக்கரில் நகையும் ஊரில் ஒரு காலி மனையும் வைத்திருந்த டாக்டர் கட்டினார். பெரும் பணக்காரர் மீதான வரி என்ற பெயரில் நடுத்தர வர்க்கத்தின் மேல்தட்டைக் குடைந்த வரி அது. ஒழித்தபோது யாரும் தெருவில் இறங்காததில் என்ன ஆச்சரியம்?

அந்த நினைவு இன்னும் இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் சொத்துப் பகிர்வு பற்றிய பேச்சு கிளம்பியபோது, தாய்மார்களின் மாங்கல்யத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள் என்று பிரதமர் மோடி பேசினார். அப்படி ஒரு திட்டம் தங்கள் தேர்தல் அறிக்கையில் இல்லவே இல்லை என்றது காங்கிரஸ். சில நாளில் அமெரிக்க வாரிசு வரியைப் பற்றி காங்கிரஸின் வெளிநாட்டுப் பிரிவுத் தலைவராக இருந்த சாம் பிட்ரோடா பேச, கட்சி அவசரமாக விலகி நின்றது. கணிப்பில் 74 சதவீதம் ஆதரவு இருக்கும் நாட்டில், அதைத் தொட எந்தப் பெரிய கட்சிக்கும் துணிவில்லை. பேச்சு தாலிக்கு வந்த நிமிடமே அது அம்பானி, அதானி பற்றிய கேள்வியாக இல்லாமல் போயிற்று.

பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டியும் சகாக்களும் அதே 2024-ல் இந்தியாவுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். 10 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிகரச் சொத்துக்கு ஆண்டுக்கு 2 சதவீதம், அதற்கு மேல் உள்ள வாரிசுச் சொத்துக்கு 33 சதவீதம். வயது வந்தவர்களில் 99.96 சதவீதம் பேருக்கு இது வராது, நாட்டு உற்பத்தியில் 2.73 சதவீதம் அளவுக்குப் பணம் வரும் என்பது அவர்கள் கணக்கு. நாட்டின் செல்வத்தில் 40 சதவீதம் உச்சத்தில் உள்ள ஒரு சதவீதம் பேரிடம் குவிந்திருப்பதாக அவர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தால் இப்படி ஒரு வரி நியாயம்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் அந்த 10 கோடிக் கோட்டை சென்னையில் வைத்துப் பாருங்கள். தி.நகரிலோ மயிலாப்பூரிலோ தாத்தா காலத்தில் வாங்கிய இரண்டு கிரவுண்டில் பழைய வீடு, மாதப் பென்ஷன், வேறெதுவும் இல்லை என்று வாழும் ஒரு குடும்பம் அந்தக் கோட்டை நெருங்கிவிடும். பாஸ்டன் வீட்டு விளம்பரம் இங்கே தமிழில் வர ஒரு நாள்கூட ஆகாது. குடியிருக்கும் வீட்டுக்கு விலக்கு உண்டா, பங்குகள் கணக்கில் வருமா, கோடு விலைவாசியோடு நகருமா என்பதை முதல் வரியிலேயே எழுதாத எந்த யோசனையும் இங்கே நிற்காது.

பணம் எங்கே போகும் என்ற கேள்வி இந்தியாவில் இன்னும் சிக்கல். செல்வ வரியை எடுத்துவிட்டு, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் கூடுதல் சர்சார்ஜ், அதாவது கட்டும் வரித் தொகையின் மேல் இன்னொரு வரி, போட்டார்கள். 2019-ல் 5 கோடிக்கு மேல் வருமானம் என்றால் சர்சார்ஜ் 37 சதவீதம் என்று உயர்ந்தது. 2023-ல் புதிய வரி முறையில் அது 25 சதவீதமாக இறங்கியது. ஏறினாலும் இறங்கினாலும், சர்சார்ஜ் வசூல் முழுவதும் மத்திய அரசுக்கே. நிதிக்குழு மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் தொகுப்பில் அது சேராது. பள்ளிக்கூடமும் ஆரம்ப சுகாதார நிலையமும் டவுன் பஸ்ஸும் நடத்துவது மாநிலங்கள். சென்னையில் ஒரு பெரும் பணக்காரர் கட்டும் சர்சார்ஜிலிருந்து தமிழ்நாட்டுப் பள்ளியின் காலை உணவுக்குச் சட்டப்படி ஒரு ரூபாய் பங்கும் கிடையாது. வரியைக் கூட்டச் சொல்லும் கட்சிகள் வாக்காளரிடம் போவதற்கு முன்னால் திருத்த வேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான்.